லண்டன் எஞ்சின்கள்

இலங்கையில் 'கனடா எஞ்சின்' என்று பெயர் எடுத்த டீசல் எஞ்சின்களும், மில்லிக்கன் நிலையத்தின் ஊடாக யூனியன் நிலையத்துக்குப் போய்வந்த பச்சை வெள்ளை 'கோ' ரயில்களை ஏறக்குறைய இருபது வருடம் இழுத்த எஞ்சின்களும் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அந்தத் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயர் லண்டன். இங்கிலாந்தின் தலைநகர் அல்ல; ரொறன்ரோவிலிருந்து மேற்கே சுமார் 190 கிலோமீற்றர் தூரத்தில், ஒன்ராறியோ மாகாணத்திலேயே இருக்கும் லண்டன். பெயர் வைத்தவர்கள் குறை வைக்கவில்லை, அங்கே ஓடும் ஆற்றுக்கும் தேம்ஸ் என்றுதான் பெயர்.

மில்லிக்கனைச் சுற்றி வாழும் தமிழர்களில் கணிசமானோர் யாழ்ப்பாணத்துப் பாதையில் இந்த எஞ்சின்களின் பின்னால் பயணம் செய்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். இங்கே வந்து அதே தொழிற்சாலையின் இன்னொரு எஞ்சினுக்குப் பின்னால் அமர்ந்து வேலைக்குப் போனார்கள். பெரும்பாலானோருக்கு இது தெரியாது. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பொறியியலில் முதுமாணிப் பட்டம் பெற்ற காலத்தில்தான் இந்த எஞ்சின்களின் மாதிரிகளை வரிசையாகப் பார்க்கத் தொடங்கினேன். அப்போது என்னை வியக்க வைத்தது ஒவ்வொரு புதிய மாதிரியிலும் அவர்கள் எதை மாற்றினார்கள் என்பதல்ல, எதை மாற்றாமல் விட்டார்கள் என்பதுதான்.

ஒரு சொல் விளக்கம். நம் பேச்சு வழக்கில் ரயிலை இழுக்கும் முழு வண்டியும் எஞ்சின், அதன் வயிற்றில் இருப்பதும் எஞ்சின். குழப்பம் வராமல் இருக்க, இக்கட்டுரையில் முழு வண்டியை எஞ்சின் என்றும், உள்ளே டீசலை எரிப்பதை இயந்திரம் என்றும் குறிப்பிடுகிறேன். இவை எல்லாம் டீசல்-மின் எஞ்சின்கள். இயந்திரம் சில்லுகளை நேரடியாகச் சுழற்றாது. அது ஒரு மின்பிறப்பாக்கியைச் சுழற்றும்; பிறக்கும் மின்சாரம் அச்சுகளில் பொருத்திய மோட்டார்களுக்குப் போகும். டீசல் எஞ்சின் என்பது தனது மின்நிலையத்தைத் தானே சுமந்து செல்லும் மின்சார எஞ்சின் என்று சொன்னால் தவறில்லை.

567 கன அங்குலம்

கதை 1922இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் தொடங்குகிறது. ஹரல்ட் ஹமில்ட்டன் என்பவர் தொடங்கிய எலெக்ட்ரோ-மோட்டிவ் நிறுவனம், பெற்றோல் இயந்திரம் வைத்த ரயில் கார்களை விற்றுக்கொண்டிருந்தது. 1930இல் ஜெனரல் மோட்டர்ஸ் அதையும், அதற்கு இயந்திரம் செய்துகொடுத்த வின்டன் நிறுவனத்தையும் சேர்த்து வாங்கியது. ஜெனரல் மோட்டர்ஸின் ஆராய்ச்சித் தலைவர் சார்ள்ஸ் கெற்றரிங் ஈரடி டீசல் இயந்திரத்தில் பிடிவாதமாக நின்றார். அந்த வேலையின் முதிர்ந்த வடிவம் 1938இல் வந்தது. ஒரு சிலிண்டரின் கனவளவு 567 கன அங்குலம். அதுவே இயந்திரத்தின் பெயரும் ஆனது.

ஒன்பது லீற்றருக்குச் சற்று அதிகமான கொள்ளளவு அது. சாதாரணக் கார் ஒன்றின் முழு இயந்திரமும் இரண்டு லீற்றர் அளவில்தான் இருக்கும். இங்கே ஒற்றைச் சிலிண்டரே நான்கைந்து கார்களுக்குச் சமம். அப்படிப் பன்னிரண்டோ பதினாறோ வி வடிவத்தில் நிற்கும்.

ஈரடி இயந்திரத்தில் பிஸ்டன் கீழே போகும் ஒவ்வொரு முறையும் எரிப்பு நடக்கும். நாலடி இயந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். ஆனால் ஈரடி இயந்திரம் தானாக மூச்சை உள்ளே இழுக்காது, காற்றை யாராவது தள்ளிவிட வேண்டும். 567இல் அதற்கு இயந்திரத்தின் பற்சில்லுகளால் சுழலும் ஊதி ஒன்று இருந்தது. பிஸ்டன் அடிக்கு வந்ததும் சிலிண்டர்ச் சுவரின் துளைகள் திறக்கும். கீழிருந்து புதுக்காற்று பாய்ந்து, மேலே உள்ள வால்வுகள் வழியாகப் பழைய புகையைத் துரத்திவிடும். காற்று ஒரே திசையில் போவதால் சிலிண்டர் நன்றாகச் சுத்தமாகும்.

இந்த இயந்திரத்தோடு 1939இல் 'எஃப்டி' என்ற மாதிரி எஞ்சின் 35 மாநிலங்களில், 20 ரயில் நிறுவனங்களின் பாதைகளில் 83,764 மைல்கள் ஓடிக் காட்டியது. நீராவி எஞ்சினின் முடிவு அந்தப் பயணத்தில் எழுதப்பட்டது என்பது ரயில் வரலாற்றாளர்களின் பொதுவான கருத்து.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. பிஸ்டன், சிலிண்டர் உறை, தலைப்பகுதி ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகுதியாகக் கழற்றிப் பூட்டலாம். ஒரு சிலிண்டர் கெட்டால் முழு இயந்திரத்தையும் வெளியே எடுக்கத் தேவையில்லை. அந்த ஒன்றைத் தூக்கிவிட்டு வேறொன்றை இறக்கினால் போதும். 1965, 66 அளவில் வந்த அடுத்த இயந்திரத்தில் சிலிண்டரின் விட்டத்தை எட்டரை அங்குலத்திலிருந்து ஒன்பதுக்குச் சற்று மேலாக்கினார்கள். பிஸ்டன் ஓடும் நீளம் பத்து அங்குலம் அப்படியே இருந்தது. கனவளவு 645 ஆனது. 1980களின் நடுப்பகுதியில் விட்டத்தைத் தொடாமல் நீளத்தை மட்டும் ஓர் அங்குலம் கூட்டினார்கள், 710 ஆனது. ஒரு தலைமுறைக்கு ஒரு அளவு மட்டும்! அதன் பலன் என்னவென்றால், 645இன் சிலிண்டர்த் தொகுதியைப் பிற்கால 567 இயந்திரத்தின் உடம்பில் இறக்கிவிடலாம். மென்பொருள் உலகில் பழைய பதிப்போடு ஒத்துப்போதல் என்று நாங்கள் மேசைக்கு மேசை கதைப்பதை, இவர்கள் இரும்பில் செய்து வைத்திருந்தார்கள். எங்கள் துறையில் பத்து வருடம் தாங்கினால் அதிசயம்.

லண்டனிலிருந்து கொழும்புக்கு

கனடாவின் ரயில் நிறுவனங்களும் டீசலுக்கு மாறத் தொடங்கியதும் ஜெனரல் மோட்டர்ஸ் 1949இல் ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் என்ற கனடாக் கிளையை நிறுவியது. லண்டன் தொழிற்சாலை 1950இல் திறந்தது. முதல் எஞ்சின் ரொறன்ரோ, ஹமில்ட்டன் அன்ட் பஃபலோ என்ற சிறிய ரயில் நிறுவனத்துக்குப் போன 'ஜிபி7'.

அதே 1950 ஜனவரியில் கொழும்பில் பொதுநலவாய நாடுகளின் வெளிவிவகார அமைச்சர்கள் கூடினார்கள். கனடாவின் சார்பில் லெஸ்டர் பியர்சன் வந்திருந்தார். அங்கே பிறந்ததுதான் கொழும்புத் திட்டம். அதன் கீழ் கனடா இலங்கைக்கு டீசல் எஞ்சின்களைக் கொடுத்தது. மாதிரி 'ஜி12': பன்னிரண்டு சிலிண்டர் 567 இயந்திரம், 1425 குதிரைவலு. ஏற்றுமதிக்கென்றே எடை குறைத்து வரைந்த எஞ்சின் அது. நியூசிலாந்தின் மூன்றரை அடிப் பாதையில் இதே மாதிரி 146 ஓடின. இலங்கையின் பாதை ஐந்தரை அடி அகலம். ஒரு வேடிக்கை: 1850களிலும் 60களிலும் கனடாவின் பிரதான பாதைகளும் அதே ஐந்தரை அடிதான். அமெரிக்காவோடு இணைவதற்காக 1870களின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் நம் மில்லிக்கன் வழியாகப் போட்ட ரொறன்ரோ-நிப்பிசிங் பாதையோ 1871இல் மூன்றரை அடியில் திறந்தது. ஒரே மாகாணத்தில் இத்தனை அளவு!

இலங்கையில் இந்த எஞ்சின்களுக்கு 'எம்2' என்று வகை எண் கொடுத்தார்கள். முதல் ஐந்து 1954இல் சேவைக்கு வரத் தொடங்கின; 1960கள் வரை சிறுசிறு தொகுதிகளாக மொத்தம் பதினான்கு. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், மனிற்றோபா என்று கனடா மாகாணங்களின் பெயர்கள் அவற்றின் பக்கவாட்டில் எழுதப்பட்டன. பின்னால் வந்த இரண்டுக்குக் கனடாப் பெயர்களை விட்டு காங்கேசன்துறை, காலி என்று பெயர் வைத்தார்கள், தீவின் வடமுனையும் தென்முனையும் போல.

எம்2 என்றால் எம்1 ஒன்று இருந்திருக்க வேண்டுமே என்று வாசகர்கள் கேட்கலாம். இருந்தது. பிரித்தானியாவின் பிரஷ்-பக்னல் நிறுவனத்திடம் வாங்கிய 25 எஞ்சின்கள், 1000 குதிரைவலு. அவை எம்2-களுக்குச் சற்று முன்னதாக வந்தன, 1980களோடு போய்விட்டன. எம்2-களில் பல எழுபது வருடங்களுக்குப் பிறகும் வேலை செய்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே பாதை, ஒரே வேலைத்தலம். வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பிரித்தானிய இயந்திரம் அந்த நாட்டிலேயே தொடர்ந்து ரயிலுக்கு வளர்க்கப்படாத ஒன்று. 567-க்கு உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கில் சகோதரங்கள் இருந்தன. 645 வந்த பின்னரும் உதிரிப்பாகம் வற்றவில்லை. நன்கொடையாக வந்தது ஓர் எஞ்சின் மட்டுமல்ல, அதன் முழு இனமும் என்று சொல்லலாம்.

இதில் உள்ளூர்க் கைகளின் பங்கைக் குறைத்துச் சொல்லக்கூடாது. அப்போது இலங்கைப் புகையிரதப் பகுதியின் தலைமை இயந்திரப் பொறியியலாளராகவும் பின்னர் பொது முகாமையாளராகவும் இருந்தவர் பி. டி. ரம்பால. இயந்திரப் பகுதியின் தலைமைக்கு வந்த முதல் இலங்கையர். டீசலுக்கு மாறுவதை முன்னின்று நடத்தியவர் அவரே. ருகுணு குமாரி, உடரட்ட மெனிக்கே, யாழ்தேவி என்று பெயர் சூட்டிய கடுகதி ரயில்கள் 1955, 56இல் அவர் காலத்தில் வந்தவை. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரல் 23.

என் அம்மப்பா யாழ்தேவியைப் பற்றிக் கதைத்தால் கனடா எஞ்சினின் சத்தத்தை வாயால் செய்துகாட்டாமல் விடமாட்டார். எனக்கு அது வெறும் கதைதான். நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் ரயில் இல்லை. 1990இல் சேவை நின்றுவிட்டது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பற்றை மூடிய ஒரு மண்மேட்டைக் காட்டி இதுதான் றெயில் பாதை என்றால் நம்புவதற்கே கஷ்டமாக இருக்கும். யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் வந்தது 2014 அக்டோபர் 13இல், காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில். இந்த இடைக்காலம் முழுவதும் 'காங்கேசன்துறை' என்ற பெயரைத் தாங்கிய எஞ்சின், காங்கேசன்துறைக்குப் போக வழியில்லாத எஞ்சினாக இருந்தது.

மனிற்றோபா

எம்2 வரிசையில் 591ஆம் எண், மனிற்றோபா. 2004 டிசம்பர் 26 காலை கொழும்பு கோட்டையிலிருந்து மாத்தறை நோக்கிப் போன ரயிலை அது இழுத்தது. ஹிக்கடுவைக்கு அருகே பெரலிய என்ற இடத்தில் ஆழிப்பேரலை ரயிலை அடித்தது. முதல் அலையின் பின் ரயில்தான் பாதுகாப்பு என்று கரையோர மக்களும் அதில் ஏறிக்கொண்டார்கள். அடுத்த அலை பெட்டிகளைப் புரட்டியது. இறந்தவர்கள் 1700 பேருக்கு மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. உயிரிழப்பின் அளவில் உலக ரயில் வரலாற்றிலேயே இதைவிடப் பெரியது இல்லை. எஞ்சின் சாரதியும் உதவியாளரும் திரும்பவில்லை.

மனிற்றோபா தூக்கி எறியப்பட்டது. அப்போதே அதற்கு ஐம்பது வயதுக்கு நெருக்கம். எந்த நாட்டிலும் அதை இரும்புக்கு விற்றிருப்பார்கள். இலங்கையில் திருத்தினார்கள். பக்கவாட்டில் ஓர் அலையை வரைந்து மீண்டும் பாதையில் விட்டார்கள். டிசம்பர் 26 நினைவு நாட்களில் அதே எஞ்சின் பெரலியவுக்குப் போய் நின்றிருக்கிறது. உணர்ச்சிக்கு அப்பால், இதைச் செய்ய முடிந்ததற்கு ஒரு பொறியியல் காரணமும் உண்டு. உப்புநீர் குடித்த இயந்திரத்தைச் சிலிண்டர் சிலிண்டராகக் கழற்றிப் பார்க்கலாம். கெட்டதை மட்டும் மாற்றலாம். ஒரே வார்ப்பாகச் செய்த இயந்திரம் என்றால் கதை வேறு.

மில்லிக்கன் பாதையில்

'கோ' சேவை 1967 மே மாதத்தில் ஒன்ராறியோ ஏரிக்கரைப் பாதையில் தொடங்கியது. அதற்காக லண்டன் தொழிற்சாலை 1966இல் 'ஜிபி40டிசி' என்று எட்டு எஞ்சின்கள் செய்தது. சரக்கு எஞ்சினை நீட்டி, பெட்டிகளின் விளக்குக்கும் வெப்பத்துக்கும் தனியாக ஒரு மின்பிறப்பாக்கி வைத்த மாதிரி. பதினாறு சிலிண்டர் 645, 3000 குதிரைவலு. மில்லிக்கன் வழியாகப் போகும் ஸ்ரூவில் பாதையில் 'கோ' ஓடத் தொடங்கியது 1982இல்.

1988இல் வந்தது 'எஃப்59பிஎச்'. 'கோ' 49 எஞ்சின்கள் வாங்கியது. அதே மாதிரி கலிபோர்னியாவின் லொஸ் ஏஞ்சலஸுக்கும் போனது. இதன் வலுவும் 3000தான், ஆனால் சிலிண்டர் பன்னிரண்டே. இங்கே கொஞ்சம் நிற்கலாம். கொழும்புக்குப் போன ஜி12-உம் பன்னிரண்டு சிலிண்டர். சிலிண்டரின் கனவளவு 567இலிருந்து 710 ஆனது கால் பங்கு வளர்ச்சிதான். வலுவோ இரண்டு மடங்குக்கு மேல். மீதி எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் டர்போசார்ஜரிலிருந்து. ஊதிக்குப் பதிலாக, வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் விசிறி அதிகக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. அதிகக் காற்றில் அதிக டீசலை எரிக்கலாம். ஆனால் எஞ்சின் நிலையத்திலிருந்து புறப்படும்போது புகையில் அந்த வேகம் இராது, ஈரடி இயந்திரமோ காற்றுத் தள்ளாவிட்டால் நின்றுவிடும். ஆகவே அந்த நேரத்தில் பற்சில்லு டர்போவைச் சுழற்றுகிறது. புகை வேகம் பிடித்ததும் ஒரு கிளச் தானாக விலகி டர்போவைச் சுதந்திரமாக விட்டுவிடுகிறது. மிக எளிமையான, மிக அழகான ஏற்பாடு.

இந்த இரண்டு மாதிரிகளுக்கும் இடையில் 1972இல் வந்த 'டாஷ்-2' வரிசையைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனமில்லை. அதுவரை கட்டுப்பாட்டுப் பெட்டியில் டக்டக்கென்று அடிக்கும் ரிலேக்கள் நிறைந்திருந்தன. அவற்றில் பலவற்றின் இடத்தில் கழற்றிச் செருகும் மின்னணு அட்டைகளை வைத்தார்கள். சிலிண்டருக்குச் செய்ததையே மின்சுற்றுக்கும் செய்தார்கள்.

மின்சார எஞ்சின்களும் லண்டனில் செய்யப்பட்டன, எண்ணிக்கையில் குறைவாக. பிரித்தானியக் கொலம்பியாவின் ரம்ளர் ரிட்ஜ் நிலக்கரிப் பாதைக்கு 1983, 84இல் 'ஜிஎஃப்6சி' என்று ஏழு எஞ்சின்கள் போயின. நீண்ட சுரங்கங்களில் டீசல் புகை தேங்கும் என்பதால் அங்கே மின்பாதை. மின்னழுத்தம் 50,000 வோல்ட், எஞ்சினுக்கு 6000 குதிரைவலு, மின்நுட்பம் சுவீடனின் ஆசியா நிறுவனத்தினது. 2000இல் மின்பாதையைக் கைவிட்டார்கள். ஏழில் ஒன்று மட்டும் பிரின்ஸ் ஜோர்ஜ் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. டீசலில் வெற்றி தந்த அதே உத்தி இங்கே உதவவில்லை என்பது என் எண்ணம். ஏழே ஏழு எஞ்சினுக்கு இனம் ஏது?

இந்தியாவின் பக்கம்

இந்தியாவுக்கு இந்த நிறுவனத்தின் எஞ்சின்கள் 1962இலேயே போயின: 'டபிள்யூடிஎம்-4', 72 எண்ணிக்கை. அதே நேரத்தில் போட்டியாளரான ஆல்கோவின் எஞ்சின்களும் போயின. இந்தியா ஆல்கோவைத் தேர்ந்தது. ஆல்கோ தொழில்நுட்பத்தைக் கைமாற்றச் சம்மதித்தது, ஜெனரல் மோட்டர்ஸ் சம்மதிக்கவில்லை என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம். வாரணாசித் தொழிற்சாலை 1964இலிருந்து ஆல்கோ மாதிரியைச் செய்து குவித்தது. மொன்றியலில் இருந்த ஆல்கோ வழித் தொழிற்சாலையின் எஞ்சின்கள் 1975இல் இலங்கைக்கும் 'எம்4' என்று வந்தன. அதுவும் கனடாதான், ஆனால் வேறு குடும்பம்.

முப்பது வருடம் கழித்து ஜெனரல் மோட்டர்ஸ் இறங்கிவந்தது. 1990களில் செய்த உடன்பாட்டில் எஞ்சின்களோடு தொழில்நுட்பக் கைமாற்றமும் இருந்தது. 1999இல் 'டபிள்யூடிஜி-4' இந்தியா வந்தது: பதினாறு சிலிண்டர் 710, 4000 குதிரைவலு. அதைவிடப் பெரிய மாற்றம் மோட்டார்களில். அதுவரை அச்சுகளில் இருந்தவை நேரோட்ட மோட்டார்கள். அவற்றில் தேயும் தூரிகைகள் உண்டு. 1993இல் சீமென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஆடலோட்ட மோட்டார்களைக் கொண்டுவந்தார்கள். சில்லு வழுக்கத் தொடங்குவதைக் கணினி நொடிக்குள் கண்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சரிசெய்யும். ஈரத் தண்டவாளத்திலும் பாரம் ஏறும்.

பூட்டு

1980களின் இறுதியில் அமெரிக்காவின் லா கிரேஞ்சில் நடந்த எஞ்சின் பூட்டும் வேலை லண்டனுக்கு மாற்றப்பட்டபோது, லண்டன் கிளை என்ற நிலை போய் முழு நிறுவனத்தின் பிரதான பட்டறை ஆனது. அந்த உச்சம் நீளவில்லை. 2005இல் ஜெனரல் மோட்டர்ஸ் ரயில் பிரிவை முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றது. 2010இல் அது கற்றர்பில்லரின் கைக்குப் போனது. 2012 ஜனவரி 1ஆம் திகதி நிர்வாகம் கதவைப் பூட்டித் தொழிலாளர்களை வெளியே நிறுத்தியது. மணித்தியாலத்துக்கு 35 டொலர் சம்பளத்தைப் பாதியளவாகக் குறைக்க ஒப்புக்கொள்ளும்படி கேட்டிருந்தார்கள், சங்கம் மறுத்தது. பெப்ரவரி 3ஆம் திகதி தொழிற்சாலை நிரந்தரமாக மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. சுமார் 450 பேருக்கு வேலை போயிற்று. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் இண்டியானாவின் மன்சியில் புதிய தொழிற்சாலை திறந்திருந்தார்கள்.

எஞ்சின் வடிவமைப்பில் ஓர் அங்குலத்தைக் கூட்ட இருபது வருடம் யோசித்த நிறுவனம், தொழிற்சாலையை மூட ஐந்து கிழமை எடுத்தது.

இயந்திரமும் அதிக காலம் நிற்கவில்லை. 2015இல் அமெரிக்காவின் நான்காம் கட்டப் புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபோது ஈரடி 710 அதற்குள் அடங்கவில்லை. நிறுவனம் 1010 என்ற நாலடி இயந்திரத்துக்கு மாறியது. வட அமெரிக்காவின் புத்தம்புது எஞ்சின்களைப் பொறுத்தவரை, 1938இல் தொடங்கிய வம்சம் அங்கே முடிந்தது.

மில்லிக்கன் பாதையில் எஃப்59-களின் இடத்தை 2008 தொடக்கம் 'எம்பி40' எடுத்துக்கொண்டது. அதைச் செய்தது ஐடஹோ மாநிலத்தின் மோட்டிவ்பவர் நிறுவனம். ஆனால் உள்ளே இருப்பது பதினாறு சிலிண்டர் 710, 4000 குதிரைவலு. அதற்குப் பின் வந்த 'எம்பி54' எஞ்சின்களில் 710 இல்லை, கமின்ஸ் நிறுவனத்தின் இரண்டு சிறிய நாலடி இயந்திரங்கள் இருக்கின்றன. நடைமேடையில் நிற்பவர்கள் முகப்பு எண்ணைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்: 600 முதல் 666 வரை என்றால் எம்பி40. 647 மட்டும் விலக்கு, அதைத்தான் முதலில் எம்பி54 ஆக மாற்றிப் பரிசோதித்தார்கள்.